காட்டூரில் ஒரு காகிதச் சுவர்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துவாக்குடி பஸ் ஏறி "காட்டூர் ஒண்ணு" என்று சொல்லிப் பாருங்கள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் முகத்தைப் பார்ப்பார். "காட்டூர்ல எங்க?" என்பார். நியாயமான கேள்வி. திருவாரூர் பக்கம் ஒரு காட்டூர் இருக்கிறது, கோயம்புத்தூருக்குள் ஒரு காட்டூர் இருக்கிறது. ஆனால் அவர் கேட்பது அதுவல்ல. எங்கள் காட்டூருக்குள்ளேயே அம்மன் நகர், கைலாஷ் நகர், பாலாஜி நகர் என்று அரை டஜன் நகர்கள். பெயரில்தான் காடு. மற்றபடி நகர், நகர், நகர்.

பால்பண்ணை தாண்டினால் அரியமங்கலம். ஒரு காலத்தில் பஸ்ஸில் தூங்கிப் போனால்கூடக் கவலையில்லை. அரியமங்கலம் குப்பைமேடு வந்ததும் மூக்கு எழுப்பிவிடும், அடுத்தது நம்ம ஸ்டாப்பிங் என்று. சமீப வருடங்களில் மெஷின் வைத்துக் குப்பையைச் சலித்துப் பிரித்ததில் அந்த மலை இளைத்திருக்கிறது. தூங்குமூஞ்சிகள் திருவெறும்பூரில் இறங்கித் திரும்பி வருகிறார்கள்.

2011-ல் திருவெறும்பூரும் அக்கம்பக்கத்து ஊராட்சிகளும் திருச்சி மாநகராட்சிக்குள் வந்தபோது நாங்களும் மாநகரவாசிகள் ஆனோம். பக்கத்து வீட்டுப் பசுமாட்டுக்கு இந்த விஷயம் இன்னும் தெரியாது.

காட்டூர்க்காரர்களுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. எதைப் பார்த்தாலும் தட்டிப் பார்ப்பார்கள். தேங்காயைத் தட்டுவது உலக வழக்கம். இவர்கள் கதவைத் தட்டுவார்கள், கிரில்லைத் தட்டுவார்கள், புதுசாக வாங்கிய பீரோவைத் தட்டி "கேஜ் கம்மியா இருக்கே" என்பார்கள். காரணம் ரொம்ப சிம்பிள். ஒரு பக்கம் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப். நாகப்பட்டினத்திலிருந்து 1928 வாக்கில் இங்கே வந்தது. இன்னொரு பக்கம் 1960-களில் வந்த பெல் தொழிற்சாலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் ஃபிட்டரும் வெல்டரும் ரிட்டயர் ஆகாமல் என்ன ஆவார்கள்? இரும்போடு வாழ்ந்த மனுஷர்கள். சத்தத்தை வைத்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார்கள்.

இப்பேர்ப்பட்ட ஊரில், தட்டினால் 'டொக் டொக்' என்று வெறும் பெட்டி மாதிரி சத்தம் போடும் ஒரு சுவர் எங்கள் வீட்டில் மட்டும் நிற்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2016-ல் எனக்குக் கல்யாணம் ஆனபோது வீட்டில் ஒரு ஹால், ஒரு ரூம். ஹால் என்றால் சின்னதில்லை, அப்பா பெல்லில் லோன் போட்டுக் கட்டியது. கிரிக்கெட் ஆடலாம். அந்த ஹாலைக் குறுக்கே தடுத்துவிட்டால் ஒரு ரூம் கூடுதலாகக் கிடைக்கும் என்று யோசனை. கல் சுவர் எழுப்பினால் கீழே பீம் இல்லை, தளம் தாங்குமோ தாங்காதோ என்று மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். அப்போது யாரோ சொன்னதுதான் ஜிப்சம் போர்டு பார்ட்டிஷன். இரண்டே நாளில் சுவர் எழும்பி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, ரெடி. சிமென்ட் இல்லை, மண் இல்லை, தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

அப்பா வந்தார். தட்டினார். டொக் டொக்.

"ஏண்டா, இது சுவரா, அட்டைப் பெட்டியா?"

எட்டு வருடம் அந்தச் சுவரை அவர் 'அட்டைப் பெட்டி' என்றேதான் சொல்லி வந்தார். அம்மா போன பிறகு ஹால் பக்கத்துக் கட்டிலில் அவர். பெட்டிக்கு அந்தப் பக்கம் நானும் மனைவியும் மகளும். ராத்திரி அவர் புரண்டு படுத்தால் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசினால் அவருக்குக் கேட்கும். வீட்டில் சண்டையே கிசுகிசுவென்றுதான் நடக்கும்.

போன மழைக்காலம் முடிந்த பிறகு ரூமுக்குள் ஒரு வாசனை. நனைந்த துணியை மடித்து வைத்த மாதிரி. முதலில் பீரோவைச் சந்தேகப்பட்டோம், பிறகு என் சாக்ஸைச் சந்தேகப்பட்டார்கள். மகளுக்கு இளைப்பு வர ஆரம்பித்தது. அவளுக்கு ஆறு வயது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, மூச்சு விசிலடிக்க, "அப்பா, முதுகைத் தடவு" என்பாள். வாரத்துக்கு இரண்டு ராத்திரி நெபுலைசர். டாக்டர் மருந்தெல்லாம் எழுதிவிட்டு, போகிற போக்கில் கேட்டார்: "படுக்கிற ரூம்ல எங்கயாவது ஓதம் இருக்கா? பூஞ்சை?"

அன்றைக்குக் கட்டிலை நகர்த்தினோம். சுவரின் அடிப்பக்கம், பாத்ரூமை ஒட்டிய மூலையில் ஆரம்பித்து, ஒரு முழ உயரத்துக்குக் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளி. மஷ்ரூம் பண்ணை வைக்க மானியம் வாங்காததுதான் பாக்கி. விரலால் அழுத்தினேன். ஊறிய பிஸ்கட் மாதிரி உள்ளே போயிற்று.

மரவேலை ஆசாமி ஒருவர் வந்து பார்த்து, "மொத்தத்தையும் பிரிச்சு புதுசா போட்டாத்தான் சார் கேரண்டி" என்று ஒரு தொகை சொன்னார். என் மாதாந்திரக் கட்டுரை வருமானத்தைப் போல அது மூன்று மடங்கு. நான் பி.காம். ஆகவே தேய்மானம் தெரியும். வருமான வரிக் கணக்கில் குடியிருப்புக் கட்டடத்துக்கு வருடம் 5 சதவீதம்தான் தேய்மானம். மரத் தடுப்பு மாதிரியான தற்காலிகக் கட்டுமானத்துக்கு 40 சதவீதம். எங்கள் சுவர் இதில் எந்த ஜாதி என்பதை ஆடிட்டர்கள் தீர்மானிக்கட்டும். அடிப்பக்கம் மட்டும் கெட்டிருக்கும்போது தலையை ஏன் வெட்ட வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

அதற்குப் பதில் டல்லாஸிலிருந்து வந்தது. என் மனைவியின் தம்பி அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். வீடியோ காலில் சுவரைக் காட்டினேன். "அட, இது டிரைவால்தான் அத்தான்! இங்க வீடு முழுக்க இதான். கெட்டுப் போன பீஸை மட்டும் வெட்டி எடுத்துட்டு வேற பீஸ் வைக்கலாம். போன மாசம் நானே வெச்சேன். குழந்தை சைக்கிளை வெச்சு இடிச்சுட்டான்" என்றான். ஊரில் இருந்தவரை பல்பு மாற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்ட பிள்ளை! அமெரிக்காவில் ஆள் கூலி கேட்டால் மயக்கம் வரும் என்பதால் எல்லோரும் தானே கொத்தனார், தானே தச்சர். மனுஷனை வேலை கற்றுக்கொள்ள வைப்பதில் கூலிக்கு நிகரான வாத்தியார் இல்லை.

இந்தச் சரக்கின் கதை சுவாரஸ்யமானது. 1894-ல் அகஸ்டின் சாக்கெட் என்ற அமெரிக்கர், காகிதத்துக்கு நடுவில் பிளாஸ்டரை வைத்து அடுக்கிப் பலகையாக்கும் வழிக்குக் காப்புரிமை வாங்கினார். 1909-ல் அந்தத் தொழிலை யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் கம்பெனி வாங்கிக்கொண்டது. அதுவரை அங்கேயும் நம்மைப் போலத்தான், மரச் சட்டத்தின் மேல் ஈரப் பூச்சு, காய்வதற்கு நாள் கணக்கில் காத்திருப்பு. பலகை வந்ததும் ஈரவேலை போயிற்று. அதனால்தான் 'உலர்ந்த சுவர்' என்று பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிப்பாய்கள் திரும்பி வந்தபோது லட்சக்கணக்கில் வீடு தேவைப்பட்டது. காயும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை, பலகை ஜெயித்தது.

இதெல்லாம் அமெரிக்கச் சமாசாரம் என்று நினைத்தேன். அப்பாதான், "ஜிப்சமா? அது நம்ம காரையில கிடக்குமே" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கொள்ளிடம் தாண்டி, சமயபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, சென்னை ரோட்டில் பாடாலூர் வரை போய்க் கிழக்கே திரும்பினால் பெரம்பலூர் மாவட்டத்துக் கிராமங்கள். அதில் ஒன்று காரை. சுண்ணாம்புப் பூச்சுக்கும் நாம் 'காரை' என்றுதான் சொல்கிறோம். பெயர் பொருத்தம் பார்த்து நான் சிரித்தால், அப்பா "வண்டியைப் பாத்து ஓட்டு" என்றார்.

ஊரைத் தாண்டியதும் நிலம் திடீரென்று வேறு கிரகமாகிவிடுகிறது. செடி கொடி அதிகமில்லாத களிமண் மேடுகள், மழை கீறிக் கீறி உண்டாக்கிய பள்ளங்கள். மஞ்சள், பழுப்பு, சாம்பல். வெயிலில் ஆங்காங்கே கண்ணாடி உடைந்து கிடக்கிற மாதிரி பளபளப்பு. குனிந்து பார்த்தால் ஜிப்சம். களிமண்ணின் வெடிப்புகளில் பட்டை பட்டையாக, நாராக, வெள்ளையாக. நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. நகத்துக்கே தோற்றுப் போகிற கல்! அதை நம்பித்தான் குடும்பம் நடத்துகிறோம்.

சுமார் 10 கோடி வருடத்துக்கு முன் இந்த இடம் கடல். அம்மோனைட் என்கிற நத்தைச் சுருள் பிராணிகள் இங்கே நீந்தியிருக்கின்றன. அவற்றின் கல்லான கூடுகளைத் தேடி உலகத்தின் பல மூலையிலிருந்தும் ஆராய்ச்சிக்காரர்கள் வருகிறார்கள். டைனோசர் காலத்துச் சேற்றைத்தான் எங்கள் ஹாலில் குறுக்கே நிறுத்தி வைத்திருக்கிறோமா என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. (எங்கள் பலகை எந்த ஊர்ச் சுரங்கத்து ஜிப்சமோ! பெருமைக்கு பில் வேண்டாம்.)

கல் தோன்றி சிமென்ட் தோன்றாக் காலத்துக் கதை இருக்கட்டும். சிமென்ட்டுக்கும் இதே ஜிப்சம் வேண்டும். கிளிங்கரை அரைக்கும்போது நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை ஜிப்சம் சேர்க்காவிட்டால், கொத்தனார் கரண்டியை எடுப்பதற்குள் கலவை கல்லாகிவிடும். சுண்ணாம்புக் கல்லும் ஜிப்சமும் அக்கம்பக்கத்தில் கிடைத்ததால்தான் திருச்சி, அரியலூர் வட்டாரத்தில் இத்தனை சிமென்ட் ஆலைகள். 1939-ல் கல்லக்குடியில் ஆரம்பித்த டால்மியா ஆலை இவற்றில் மூத்தது. 1953-ல் ஸ்டேஷன் பெயரை டால்மியாபுரத்திலிருந்து கல்லக்குடி ஆக்கச் சொல்லி மு.கருணாநிதி தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்த ஊர். அந்தக் கதையை அப்பா திரும்பும் வழியெல்லாம் சொன்னார், ஹெல்மெட்டுக்கு மேலாக.

கடைசியில், "மண்ணு நல்ல மண்ணுதான். தண்ணிகிட்டக் கொண்டு போய் வெச்சா அது என்ன பண்ணும்?" என்றார். எட்டு வருடத்தில் சுவரைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

தண்ணீரைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பேட்டைவாய்த்தலையில் காவிரியைப் பிரிந்து, திருச்சி நகரத்துக்குள் நெளிந்து, எங்கள் பக்கமாக வந்து வாழவந்தான்கோட்டை ஏரிக்குப் போகிறது உய்யக்கொண்டான் வாய்க்கால். ஆயிரம் வருடப் பழசு. கூப்பிடு தூரத்தில் திருவெறும்பூர் மலைமேல் எறும்பீஸ்வரர். தேவர்கள் எறும்பாக மாறி ஏற, சுவாமி புற்றாக மாறிச் சாய்ந்து கொடுத்தார் என்பது தல புராணம். மண் லிங்கம், அதனால் தண்ணீர் அபிஷேகம் இல்லை என்பார்கள். சுவாமிக்கே ஈரம் ஆகாது என்று தெரிந்து வைத்திருக்கும் ஊரில்தான், அந்த மூலையில் பாத்ரூம் பைப் கசிந்துகொண்டிருந்தது.

கசிவைக் கண்டுபிடித்தது அப்பா. பிளம்பர் இரண்டு தடவை வந்து "எல்லாம் ட்ரையா இருக்கு சார்" என்று காசு வாங்கிப் போயிருந்தார். அப்பா பாய்லர்க்காரர். பாய்லர் கட்டி முடித்தால் வேலை செய்யும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றிக் கசிகிறதா என்று பார்க்காமல் வெளியே விட மாட்டார்கள். அவர் வீட்டில் செய்தது அதன் ஏழை வெர்ஷன். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடினார், மொட்டை மாடி டேங்க்கில் தண்ணீர் மட்டத்துக்குச் சாக்பீஸ் கோடு போட்டார். காலையில் கோட்டுக்குக் கீழே மூன்று விரல் இறங்கியிருந்தது. அடுத்த ராத்திரி பாத்ரூமுக்குப் போகும் வால்வை மட்டும் மூடினார். கோடு அசையவில்லை. "உடைங்க" என்று இடத்தைக் காட்டினார். டைல்ஸுக்குப் பின்னால் ஒரு எல்போ, மயிரிழை விரிசல்.

இதை இளைஞர்கள் மனசில் குறித்துக்கொள்ளவும். சுவர் கெட்டுப் போனால் முதலில் சுவரைத் தொடாதீர்கள், தண்ணீரைத் தேடுங்கள். கசிவை அடைக்காமல் புதுப் பலகை வைப்பது, ஓட்டைப் பாக்கெட்டில் சம்பளம் போடுவது.

பிறகு பத்து நாள் ஃபேன் போட்டுக் காயவிட்டோம். அந்தப் பத்து நாளும் மகளை அம்மம்மா வீட்டில் விட்டோம். பூஞ்சை தூளாகப் பறக்கும். திருவெறும்பூர் ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு சீலிங் வேலை செய்யும் ஒரு தம்பி வந்தார். காரியம் அவர், எடுபிடி நான், மேற்பார்வை டல்லாஸ், அதற்கும் மேலே அப்பா.

பூஞ்சையைத் துடைத்துவிட்டுப் பெயின்ட் அடித்தால் போதாதா என்று எனக்கும் ஆசைதான். ஆகாது. பலகையின் இரண்டு பக்கமும் காகிதம். பூஞ்சைக்குக் காகிதம் சாப்பாடு. வேர் உள்ளே போயிருக்கும். கறுப்பு எங்கே முடிகிறதோ அதற்கும் ஒரு அடி மேலே வெட்ட வேண்டும். இரண்டரை அடி உயரத்தில் சுண்ணாம்புக் கயிறு இழுத்துக் கோடு போட்டோம்.

உள்ளே தகரச் சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். மச்சான் அதற்கென்று ஒரு மெஷின் இருப்பதாகச் சொன்னான். தம்பி சிரித்துக்கொண்டே பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை எடுத்துச் சுவரில் தேய்த்தார். ஸ்க்ரூ வந்த இடத்தில் 'டக்'. அங்கிருந்து இரண்டடிக்கு ஒரு 'டக்'. சட்டங்கள் இரண்டடி இடைவெளியில் நிற்கின்றன, அவ்வளவுதான். வெட்டும்போது வெட்டு சட்டத்தின் நட்டநடுவில் முடிய வேண்டும். பழைய பலகைக்குப் பாதிச் சட்டம், புதுப் பலகைக்குப் பாதிச் சட்டம். பாகப் பிரிவினை சரியாக இருந்தால்தான் பின்னால் விரிசல் வராது. சட்டம் இல்லாத மேல் ஓரத்தில், பின்னால் ஒரு பிளைவுட் பட்டையைச் செருகி அதில் ஸ்க்ரூ பிடிக்கலாம்.

வெட்டியதும் நோயின் மூலம் தெரிந்தது. பழைய ஆட்கள் பலகையைத் தரையோடு தரையாக உட்கார வைத்திருந்தார்கள். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி காகிதம் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றியிருக்கிறது. புதுப் பலகையைத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கித்தான் வைத்தோம். தூக்குவதற்கு தீப்பெட்டி. இடைவெளியை சீலன்ட்டால் அடைத்து, வெளியே ஸ்கர்ட்டிங் டைல்ஸ். இந்தத் தடவை பச்சைக் காகிதம் ஒட்டிய ஈரம் தாங்கும் பலகை, பழையது மாதிரியே பன்னிரண்டரை மில்லிமீட்டர். ஈரம் தாங்கும் என்றால் மழைச் சாரல் மாதிரி தாங்கும், நீச்சல் அடிக்காது.

ஸ்க்ரூ முடுக்குவதில் ஒரு நளினம் இருக்கிறது. தலை காகிதத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும், காகிதம் கிழியக் கூடாது. கிழிந்தால் பிடிப்பு போயிற்று. மாமியாரிடம் பேசுகிற மாதிரி, அழுத்தமாக, ஆனால் கீறாமல்.

இணைப்பில் காகித டேப் வைத்து, இட்லி மாவுப் பதத்தில் கலவை பூசி, காய்ந்ததும் இன்னொரு கோட், அதற்குமேல் இன்னொன்று. ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக, ஓரம் ஒன்றுமில்லாமல் கரைகிற மாதிரி. கடைசியில் உப்புத்தாள். தேய்க்கும்போது மூக்கில் மாஸ்க் அவசியம்; நான் அரை மணியில் கோலமாவு டப்பாவில் விழுந்த எலி மாதிரி இருந்தேன். எல்லாம் சேர்த்து, தம்பியின் மூன்று நாள் கூலி உட்பட, அந்த ஆசாமி சொன்ன தொகையில் கால்வாசிகூட ஆகவில்லை.

கலவை காய்கிற இடைவெளியில் அப்பாவை ஸ்ரீரங்கம் அழைத்துப் போனேன். சுவர் பைத்தியம் பிடித்தவன் கோயிலுக்குப் போனால் பெருமாளைப் பார்ப்பானா, பூச்சைப் பார்ப்பானா? 1987-ல் முடிந்த ராஜகோபுரம், 13 நிலை, 236 அடி. அதைப் பார்த்துக் கழுத்து வலித்த பிறகு கிழக்கு வாசல் பக்கம் போனோம். 2023 ஆகஸ்ட் 5-ம் தேதி அதிகாலையில் அந்தக் கோபுரத்தின் கீழ்நிலைக் கொடுங்கைப் பகுதி இடிந்து விழுந்தது. பகலில் ஆள் நடமாடுகிற இடம். அகால நேரமானதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரங்கநாதர் படுத்திருந்தாலும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

2015 கும்பாபிஷேகத்துக்கு முன்பு இதே கோயிலில் பெரிய திருப்பணி நடந்தது. பழங்கால முறைகளில் செப்பனிட்டு, அடைபட்டுக் கிடந்த மழைநீர்ப் பாதைகளையும் சரிசெய்தார்கள். 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம் என்று நம் முன்னோர்கள் பூசிய காரைக்கு ஒரு சௌகரியம், அது ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்பா ஒரு சுவரைத் தட்டினார். சத்தமே வரவில்லை. "பாத்தியா!" என்று என்னைப் பார்த்த பார்வையில் எட்டு வருட விரோதம் இருந்தது.

வீட்டில் இன்னும் ஒரு பக்கம் மூட வேண்டியிருந்தது. ரூம் பக்கம் முடிந்துவிட்டது, ஹால் பக்கம் திறந்து கிடந்தது. மச்சான் வீடியோவில் வந்து, "மூடறதுக்கு முன்னாடி உள்ள இன்சுலேஷன் வெச்சிடுங்க அத்தான். சத்தமே கேக்காது. பிரைவசி" என்றான். அந்தக் கடைசி வார்த்தையை அக்காவைப் பார்க்காமல் சொன்னான்.

பாலக்கரை பக்கம் கடையில் ராக் வூல் ஒரு கட்டு வாங்கி வந்தேன். அப்பா பிரித்துப் பார்த்தார். அவருக்குப் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி. "இது நம்ம பாய்லர்ல சுத்தற சாமான்டா. கல்லை உருக்கிப் பஞ்சாக்கறது." கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னார், அரிக்குமாம். பிறகு, யாரையும் பார்க்காமல், "வெச்சிடு. என் இருமல்ல குழந்தை முழிச்சுக்குது. பாவம், அதுவே மூச்சு விட முடியாம கிடக்குது" என்றார்.

அப்பாவுக்கு வயது எழுபத்தி இரண்டு. இரண்டு வருடம் முன்பு ஒரு ராத்திரி அவர் பாத்ரூம் வாசலில் விழுந்தபோது, விழுந்த சத்தத்தை முதலில் கேட்டது நானல்ல, என் மனைவி. இந்த அட்டைப் பெட்டி வழியாகத்தான்.

அவள் அடுக்களையிலிருந்து வந்தாள். ராக் வூல் கட்டைத் தூக்கினாள்.

"ஏங்க, ஸ்டூலைப் பிடிங்க."

லாஃப்டில் ஏற்றி, பழைய குக்கருக்குப் பின்னால் தள்ளினாள். "மாமா, நீங்க இருமறது கேட்டாத்தான் நீங்க நல்லா இருக்கீங்கன்னு தெரியும். தம்பி, நீங்க மூடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். டல்லாஸில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நெட்வொர்க் போயிடுச்சு போல" என்றான் மச்சான்.

தம்பி இரண்டு பலகையை வைத்து ஸ்க்ரூ முடுக்கினார். உள்ளே வெறும் காற்று.

மகள் திரும்பி வந்து இரண்டு மாதமாகிறது. நெபுலைசரை ஒரு தடவைதான் எடுத்தோம், அதுவும் தீபாவளி மறுநாள், பட்டாசுப் புகையில். அவளுக்கும் தாத்தாவுக்கும் புது விளையாட்டு ஒன்று ஆரம்பமாகியிருக்கிறது. தூங்குவதற்கு முன் அவள் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். அந்தப் பக்கமிருந்து மூன்று தட்டு வரும். 'அட்டைப் பெட்டி' என்ற வார்த்தையைக் கொஞ்ச நாளாகக் காணோம்.

ராக் வூல் வீணாகவில்லை. மொட்டை மாடியில் சோலார் ஹீட்டரிலிருந்து வரும் வெந்நீர்க் குழாயில் அப்பா அதைச் சுற்றி, கட்டுக் கம்பியால் நாலு விரலுக்கு ஒரு முடிச்சாக, பெல்லில் சுற்றுகிற அதே நேர்த்தியில் கட்டிவிட்டார். சுவர்தான் பார்ப்பதற்குக் கொஞ்சம் இடிக்கிறது. மேலே பழைய க்ரீம் கலர், கீழே இரண்டரை அடிக்குப் புது க்ரீம் கலர். அந்த ஷேடு இப்போது வருவதில்லை என்கிறார் பெயின்ட் கடைக்காரர். முழுச் சுவருக்கும் அடித்துவிடலாம் என்றால், ரெண்டு கலர்தான் நல்லா இருக்கு, ஸ்கூல் மாதிரி இருக்கு என்கிறாள் மகள்.